கிங்ஸ் லின்: 'கிங்ஸ்'ஸ ஓரமா வச்சுட்டு ஊரப் பாக்கறது எப்படி

இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் கிங்ஸ் லின்னு ஒரு துறைமுக ஊர் இருக்கு. லண்டன் கிங்ஸ் க்ராஸ்ல ட்ரெயின் ஏறினா கேம்பிரிட்ஜ், ஈலி எல்லாம் தாண்டி லைன் முடியிற இடம் இதுதான், ஒரு நாள் ட்ரிப்புக்கு சரியா இருக்கும். ஆனா பேரப் பாத்துட்டு ஏதோ ராஜா கட்டின ஊரு, அரண்மனை இருக்கும்னு கிளம்பினா ஏமாந்துதான் வரணும். இது பிஷப் தொடங்கி வச்சு வியாபாரிங்க வளத்த ஊரு, ராஜா கடைசியா வந்து பேர ஒட்டிட்டுப் போனவரு, அவ்ளோதான்.

மொதல்ல பேச்சுல சரி பண்ணிக்கங்க. உள்ளூர்க்காரங்க வெறும் 'லின்'னுதான் சொல்வாங்க, அவங்க கால்பந்து டீமுக்கே 'லின்னெட்ஸ்'னுதான் செல்லப் பேரு. கிங்ஸ்ங்கறது ஸ்டேஷன் போர்டுக்கும் அட்ரஸுக்கும்.

பழைய ரெக்கார்ட்ஸ்ல தேடறவங்களுக்கு இந்தப் பேர் விஷயம் இன்னும் முக்கியம். 1537க்கு முன்னாடி சமாச்சாரம் வேணும்னா கிங்ஸ் லின்னு தேடாதீங்க, 'பிஷப்ஸ் லின்' இல்லன்னா 'லின் எபிஸ்கோபி'ன்னு தேடுங்க. அப்பல்லாம் ஊர் நார்விச் பிஷப் கையில இருந்துச்சு. 1537ல எட்டாம் ஹென்றி பிஷப்போட உரிமைய எல்லாம் தன் பக்கம் எடுத்துக்கிட்டு 'லின் ரெஜிஸ்', அதாவது கிங்ஸ் லின்னு மாத்திட்டாரு. இன்னொண்ணு, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்லயும் ஒரு லின் இருக்கு, இந்த ஊர் பேர எடுத்து வச்சதுதான், அதனால தேடும்போது நார்ஃபோக்னு சேத்துப் போடலன்னா ரெண்டும் கலந்துக்கிட்டு வரும்.

இப்ப நடக்க ஆரம்பிக்கலாம். நிறைய பேர் அழகா இருக்குன்னு நேரா ட்யூஸ்டே மார்க்கெட் ப்ளேஸுக்குப் போயிடறாங்க, என்னைக் கேட்டா அது தலைகீழ். சாட்டர்டே மார்க்கெட் ப்ளேஸ்ல ஆரம்பிங்க, ஊர் ஆரம்பிச்சதே அங்கதான். 1101 வாக்குல பிஷப் ஹெர்பர்ட் டி லொசிங்கா அங்க செயின்ட் மார்கரெட் சர்ச்ச தொடங்கினாரு, பக்கத்துலயே சனிக்கிழமை சந்தை. அந்த சர்ச்சுக்கு 2011ல இருந்து மின்ஸ்டர்னு பேரு, முக்கியமான சர்ச்சுக்கு குடுக்கற கௌரவப் பட்டம் அது. உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் வெளியவே பாத்துடுங்க. ஒண்ணு, மேற்கு வாசல்ல வெள்ளம் எவ்ளோ உசரம் வந்துச்சுன்னு கோடு போட்டு வச்சிருக்காங்க, 1953 வெள்ளமும் அதுல இருக்கு. இன்னொண்ணு டவர்ல இருக்கற ஓதக் கடிகாரம், இதுல நம்பரே கிடையாது, அதுக்கு பதிலா 'லின் ஹை டைட்'ங்கறத இங்கிலீஷ்ல எழுதினா வர்ற 12 எழுத்து சுத்தி இருக்கும், ஒரு டிராகன் தான் முள்ளு. கப்பல்காரனுக்கு மணி எதுக்கு, கடல் எப்ப ஏறும்னு தெரிஞ்சா போதும்ல. டிராகன் ஏன்னா, செயின்ட் மார்கரெட்ட ஒரு டிராகன் முழுங்கிச்சுன்னு ஒரு கதை, அதனாலதான் ஊர் சின்னத்துலயும் மூணு டிராகன் தலை.

எதிர்லயே டவுன் ஹால், செஸ் போர்டு மாதிரி கட்டம் கட்டமா கல் வச்ச முகப்பு, 1420கள்ல வியாபாரிங்க சங்கம் கட்டினது. உள்ள மியூசியத்துல 'கிங் ஜான் கப்'னு ஒரு கோப்பை இருக்கும், அசந்து போற மாதிரி வேலைப்பாடு. ஆனா ஜான் செத்தது 1216, கோப்பை செஞ்சது 1340 வாக்குல! இங்கயும் பாருங்க, ராஜா பேர் சும்மா வந்து ஒட்டிக்கிட்டதுதான். நியாயமா சொல்லணும்னா ஜான் ஒண்ணுமே பண்ணலன்னு இல்ல, 1204ல சார்ட்டர், அதாவது உரிமைப் பத்திரம் குடுத்து ஊர பரோ (தனி உரிமைகள் உள்ள நகரம்) ஆக்கினது அவர்தான்.

மின்ஸ்டர் பக்கத்துலயே ஹான்ஸ் ஹவுஸ், 1475ல ஹான்சியாடிக் வியாபாரிங்க, அதாவது ஜெர்மன் பக்கத்து துறைமுக ஊர்களோட வியாபாரக் கூட்டணிக்காரங்க கட்டின கிட்டங்கி, இங்கிலாந்துல அவங்க கட்டடம்னு மிஞ்சியிருக்கறது இது ஒண்ணுதான். அவசரப்படாம பாருங்க. அங்கிருந்து ஆத்தோரமா வடக்க நடந்தா கஸ்டம்ஸ் ஹவுஸ் வரும், 1683ல ஹென்றி பெல் டிசைன் பண்ணது, பக்கத்துல கேப்டன் ஜார்ஜ் வான்கூவர் சிலை. கனடாவுல இருக்கற வான்கூவருக்கு பேர் குடுத்தவர் 1757ல பொறந்தது இந்த ஊர்லதான்.

அப்புறம்தான் ட்யூஸ்டே மார்க்கெட். 12ஆம் நூற்றாண்டுல ஊர் பத்தாம வடக்க புதுசா நிலம் எடுத்து போட்ட சந்தை அது, அதுக்குன்னு தனியா செயின்ட் நிக்கோலஸ் சேப்பலும் கட்டினாங்க. ஒரே ஊருக்கு ரெண்டு சந்தை ஏன்னு இப்ப புரியும். டைம் இருந்தா நார்த் எண்ட்ல ட்ரூஸ் யார்டுக்கு போங்க, மீனவக் குடும்பங்க இருந்த சின்னச் சின்ன வீடுங்கள மியூசியமா வச்சிருக்காங்க.

பீச் எதிர்பாத்து போயிடாதீங்க. லின் இருக்கறது கிரேட் ஊஸ் ஆத்தங்கரையில, வாஷ் விரிகுடா இன்னும் சில கிலோமீட்டர் வடக்க இருக்கு. மணல்ல கால் வைக்கணும்னா ஹன்ஸ்டன்டனுக்கு பஸ் பிடிங்க, லின்ல இருந்து அங்க போன ரயில் பாதைய 1969லயே மூடிட்டாங்க.