கால்குலேட்டரில் ஒரு கருந்துளையை எடைபோடுவது எப்படி?

கருந்துளை என்றதும் எல்லாரும் "உள்ளே விழுந்தால் என்ன ஆகும்?" என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் குடைந்தது வேறு. கண்ணுக்கே தெரியாத ஒன்று "43 லட்சம் சூரியன் கனம்" என்று எப்படித் துணிந்து சொல்கிறார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

நாம் எடைபோடப் போவது பால்வீதியின் நடுவில் இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்ற கருந்துளையை.

படி 1: வாய்பாட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள்

நடுவில் இருப்பதன் நிறை = (தூரம் × தூரம் × தூரம்) ÷ (காலம் × காலம்)

கெப்ளர் கண்ட விதி, நியூட்டன் காரணம் சொன்னது. தூரத்தை வானியல் அலகில் போட வேண்டும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளி, அதாவது சுமார் 15 கோடி கி.மீ., ஓர் அலகு. காலம் ஆண்டில். அப்போது விடை 'எத்தனை சூரியன்' என்று வரும். பூமிக்கு 1, 1, விடை 1. வியாழனுக்கு 5.2, 11.86; அதற்கும் 1-ஐ ஒட்டித்தான் வரும். இரண்டும் சுற்றுவது ஒரே சூரியனைத்தானே!

படி 2: சுற்றுகிற ஆளைப் பிடியுங்கள்

அந்தக் கருந்துளையைச் சுற்றிவரும் எஸ்2 என்று ஒரு விண்மீன். சிலியிலும் ஹவாயிலும் இருக்கும் பெரிய தொலைநோக்கிகளால் 1990-களிலிருந்து இதைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். நமக்கும் அதற்கும் நடுவில் தூசி மண்டிக் கிடப்பதால் அகச்சிவப்பில்தான் தெரியும். ஒரு சுற்றுக்கு 16.05 ஆண்டு. இந்த வேலைக்காகத்தான் வானியலாளர்கள் ரைன்ஹார்ட் கென்செலுக்கும் ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் 2020-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

படி 3: கோணத்தைத் தூரமாக்குவது (நான் வழுக்கி விழுந்த இடம்)

தொலைநோக்கி தூரத்தைக் காட்டாது, கோணத்தைத்தான் காட்டும். எஸ்2-இன் பாதை ஒரு நீள்வட்டம். அதன் நீளவாக்கு விட்டத்தில் பாதியைத்தான் வாய்பாட்டில் 'தூரம்' என்று போட வேண்டும்; அது 0.125 ஆர்க் செகண்ட். (ஒரு பாகையை 3,600 கூறு போட்டால் ஒரு கூறுதான் ஆர்க் செகண்ட்.) இதை வானியல் அலகாக்க, நமக்கும் அதற்கும் உள்ள தூரத்தால் பெருக்கினால் போதும். எனக்கு மனப்பாடமாக இருந்தது 27,000 ஒளியாண்டு. பெருக்கினேன்: 3,375. வாய்பாட்டில் போட்டேன். வந்தது கிட்டத்தட்ட 15 கோடி சூரியன்!

ஒரு மணி நேரம் வாய்பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு அதில் இல்லை. ஒரு ஆர்க் செகண்ட் ஒரு வானியல் அலகுக்குச் சமமாவது ஒரு பார்செக் தொலைவில்தான். பார்செக் என்ற அலகையே அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு. இந்த 3.26 மூன்று முறை பெருக்கப்பட்டதால் என் விடை 35 மடங்கு வீங்கிவிட்டது.

சரியான தூரம் சுமார் 8,280 பார்செக்.

0.125 × 8,280 = 1,035 வானியல் அலகு.

படி 4: போடுங்கள்

1,035 × 1,035 × 1,035 = 110.87 கோடி
16.05 × 16.05 = 257.6
வகுத்தால் சுமார் 43 லட்சம்.

இத்தனை சூரியன் கனம். என் கை நடுங்கியது, பொய்யில்லை.

இதற்கு எக்செல் திறக்காதீர்கள். தாளில் ஒவ்வொரு வரியாக எழுதிப் போட்டால்தான் எங்கே சறுக்கினோம் என்று தெரியும். பள்ளிக்கால கேசியோ பெட்டிதான் என் கட்சி.

படி 5: அது ஏன் கருந்துளையாகத்தான் இருக்க வேண்டும்?

கனம் மட்டும் போதாது, இடமும் குறுகலாக இருக்க வேண்டும். 2018 மே மாதம் எஸ்2 அதற்கு 120 வானியல் அலகு தூரம்வரை போய், விநாடிக்கு 7,600 கி.மீ.-க்கும் மேலான வேகத்தில் திரும்பி வந்தது. அப்படியென்றால் அந்த 43 லட்சம் சூரியனும் அதற்குள்ளேயே அடங்கியாக வேண்டும். நெப்டியூனின் தூரத்தைப்போல் நான்கு மடங்குதான் இது!

ஒளியும் தப்ப முடியாத நிகழ்வு எல்லைக்கும் சுலபக் கணக்கு உண்டு: ஒரு சூரியனுக்கு 2.95 கி.மீ. ஆரம். 43 லட்சத்தால் பெருக்கினால் சுமார் 1.27 கோடி கி.மீ. சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள சராசரித் தூரமே 5.8 கோடி.

பின்சேர்க்கை 1: "எனக்கு 0.004 வருகிறதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். போன் கால்குலேட்டர் 1.1087இ9 என்று காட்டியிருக்கிறது. அவர் வாலை விட்டுவிட்டு 1.1-ஐ வகுத்திருக்கிறார். அந்த இ9 என்றால் புள்ளியை ஒன்பது இடம் வலப்பக்கம் தள்ளு என்று அர்த்தம்.

பின்சேர்க்கை 2: "நம்மையும் இழுத்துக்கொள்ளாதா?" படி 1-க்குப் போங்கள். சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையில் மூன்று கி.மீ. ஆரமுள்ள கருந்துளையை வைத்தாலும் வாய்பாட்டில் எந்த எண்ணும் மாறாது. குளிரில் விறைத்துப்போவோம்; ஆண்டு என்னவோ அதே 365 நாள்தான்.

பின்சேர்க்கை 3: வானில் எங்கே என்று கேட்டவர்களுக்கு: ஆடி மாத இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே பாருங்கள். விருச்சிகத்தின் கொடுக்கில் இருக்கும் மூல நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, மேலே. ஸ்டெல்லேரியம் செயலி சரியாகக் காட்டிவிடும், இலவசம்தான். ஊர் விளக்கு இல்லாத இடமாக இருந்தால் பால்வீதி அங்கே தடித்துத் தெரியும். எஸ்2 அந்தத் தூசிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.