கேழ்வரகில் பீர்: குளூட்டன் ஒவ்வாதவர்களுக்காக வீட்டில் தயாரிக்கும் முறை

என் தம்பிக்கு, குளூட்டன் என்ற தானியப் புரதம் குடலுக்கு ஒவ்வாத செலியாக் நோய் இருப்பது உறுதியானபோது, எங்கள் வீட்டில் முதலில் மாறியது சமையலறை அலமாரிதான். கோதுமை மாவு மூடி போட்ட தனி டப்பாவுக்குள் போனது. சோயா சாஸில் கோதுமையும், மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் வாற்கோதுமை மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) இருப்பதை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். தீபாவளிக்கு மாமா, சித்தப்பா வீட்டார் எல்லாரும் கூடும்போது, தம்பி மட்டும் பீருக்குப் பதில் பழச்சாற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவனுக்காகத் தொடங்கிய முயற்சியில் நான் கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

வழக்கமான பீர் வாற்கோதுமையில் தயாராகிறது. அதிலுள்ள ஹோர்டின், கோதுமையிலுள்ள கிளையடின், ரை தானியத்திலுள்ள செகலின் ஆகிய புரதங்களையே பொதுவாகக் குளூட்டன் என்கிறோம். வாற்கோதுமை பீரில் ஒரு நொதியை (என்சைம்) சேர்த்து அந்தப் புரதத்தைச் சிதைக்கும் வழியும் உண்டு. அப்படி வரும் பீர் ‘குளூட்டன் குறைக்கப்பட்டது’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஆனால் சிதைந்த துண்டுகளை வழக்கமான சோதனைகளால் நம்பகமாக அளக்க முடிவதில்லை என்பதால், செலியாக் நோயாளிக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பதே குளூட்டன் இல்லை என்று சொல்லக்கூடிய உச்ச அளவாக உலகில் பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. அந்த அளவைச் சமையலறையில் நிரூபிக்க இயலாது. ஆகவே குளூட்டனே இல்லாத தானியத்தில் தொடங்கி, கடைசிவரை அது எங்கிருந்தும் வந்து சேராமல் பார்த்துக்கொள்வதுதான் முறை. நோய் உள்ளவர் தம் மருத்துவரிடம் கேட்ட பிறகே அருந்த வேண்டும்.

சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டு முதல் வீட்டில் பீர் தயாரிக்க அனுமதி உண்டு. தயாரிப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தாம் வசிக்கும் வீட்டில், சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேற்படாமல் தயாரிக்கலாம். விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. நான் சொல்லப்போவது ஏறத்தாழ 10 லிட்டருக்கான கணக்கு; வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் அதுவே வசதியான அளவு.

முதலில் பாத்திரங்கள். வாற்கோதுமை பீர் தயாரித்த பிளாஸ்டிக் வாளியை எவ்வளவு கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் கீறல்களில் என்ன தங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. நொதிக்கும் வாளி, ரப்பர் குழாய், வடிதுணி, கரண்டி எல்லாம் புதிதாக இருக்கட்டும். மரக்கரண்டி வேண்டாம். சப்பாத்திக்கு மாவு பிசையும் மேடையையும், கோதுமை அரைத்த மிக்ஸி ஜாரையும் நம் வீடுகளில் எளிதாக மறந்துவிடுகிறோம். நான் கேழ்வரகு உடைப்பதற்கென்றே ஒரு ஜாரை ஒதுக்கி, அதன் மூடியில் சிவப்பு நாடா ஒட்டி வைத்திருக்கிறேன். பீர் தயாரிக்கும் நாளில் எங்கள் வீட்டில் சப்பாத்தி கிடையாது.

தானியம் எதுவாக இருக்கலாம்? சோளம், கம்பு, அரிசி, மக்காச்சோளம் எல்லாவற்றிலும் குளூட்டன் இல்லை. ஒட்டரிசியின் ஆங்கிலப் பெயரை (glutinous rice) பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள், அதிலும் இல்லை. நான் கேழ்வரகைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. முளைவிட்ட கேழ்வரகில், மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் மற்றச் சிறுதானியங்களைவிட நன்றாக வேலை செய்கின்றன. நேப்பாளத்திலும் சிக்கிமிலும் குடிக்கும் தோங்பா இந்தத் தானியத்தில் ஆனதுதான். சோளத்தை வீட்டில் முளைகட்ட வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன்: அதன் முளையிலும் வேரிலும் சயனைடு வெளியிடும் பொருள் உண்டாகிறது.

தேக்காவிலும் சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளிலும் முழுக் கேழ்வரகு கிடைக்கும். மாவாக வாங்காதீர்கள், மாவு முளைக்காது என்பது ஒருபுறமிருக்க, கோதுமை அரைத்த ஆலையிலேயே அதையும் அரைத்திருக்கலாம். இரண்டரைக் கிலோ வாங்கி, வெள்ளைத் தட்டில் கைப்பிடி கைப்பிடியாகப் பரப்பிப் பாருங்கள். கடுகைப் போன்ற செம்பழுப்பு மணிகளுக்கு நடுவே நீண்ட கோதுமை மணி ஒன்று கிடந்தால் உடனே கண்ணில் படும். எனக்கு ஒருமுறை ஒரே பொட்டலத்தில் நான்கு மணிகள் அகப்பட்டன. அந்தப் பொட்டலத்தை அப்படியே ஒதுக்கிவிட்டேன்.

கழுவிய கேழ்வரகை 24 மணி நேரம் ஊறவைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு வடித்து, ஈரத்துணியில் ஒரு விரற்கடைக் கனத்துக்குப் பரப்பி மூடுங்கள். முளைக்கும் தானியம் தானாகவே சூடேறும். நம் ஊர் வெக்கையில் அதைக் கிளறாமல் விட்டால் அடியில் பூஞ்சை பிடித்துப் புளித்த வாடை வரும். ஆகவே நாளைக்கு மூன்று முறை கிளறித் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டு முதல் இரண்டரை நாளில், வேர் அரை சென்டிமீட்டரைத் தாண்டியதும் நிறுத்துங்கள். பூஞ்சை தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

உலர்த்துவதுதான் இங்கே கடினம். காலையில் வெயிலில் காயப்போட்டால் பிற்பகல் மழை வந்து கெடுக்கும், காற்றிலும் எப்போதும் ஈரம் இருக்கும். மின்விசிறிக்கடியில் ஒரு மணி நேரம் வைத்த பிறகு, மின் ஓவனின் கதவைச் சற்றே திறந்து வைத்து 50 டிகிரியில் பத்து மணி நேரமும், பின்னர் 80 டிகிரியில் இரண்டு மணி நேரமும் உலர்த்துகிறேன். தொடக்கத்திலேயே சூட்டைக் கூட்டினால், ஈரம் இருக்கும்போதே நொதிகள் அழிந்துவிடும். நன்றாகக் காய்ந்த மணி பல்லுக்கடியில் மொறுக்கென்று உடையும். அதைச் சல்லடையில் தேய்த்தால் வேர்கள் உதிர்ந்துவிடும். ஏறத்தாழ இரண்டு கிலோ மால்ட் மிஞ்சும். அதில் 200 கிராமை மட்டும் 150 டிகிரியில் அரை மணி நேரம் வறுத்தால் பீருக்கு நல்ல நிறமும், பாட்டி வறுத்த கேழ்வரகு மாவின் மணமும் வரும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். நம் குழாய்நீரில் கிருமி நீக்கத்துக்குக் குளோரமின் சேர்க்கிறார்கள். குடிப்பதற்கு அது பாதுகாப்பானது; பீரில் சேர்ந்தால் மருந்து வாடையைக் கொடுக்கிறது. நான் முதன்முதலில் தயாரித்த பத்து லிட்டரும் ஆஸ்பத்திரி பிளாஸ்டரைப் போல நாறியதால் எல்லாவற்றையும் கொட்ட நேர்ந்தது. குளோரமின் கொதிக்கவைத்தால் எளிதில் போகாது. 20 லிட்டர் தண்ணீருக்குக் கால் கேம்ப்டன் மாத்திரையை (பீர் தயாரிப்பில் பயன்படும் மெட்டாபைசல்பைட் மாத்திரை) பொடித்துக் கலந்தால் சில நிமிடங்களில் நீங்கிவிடும்.

இனி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலை. வாற்கோதுமையின் மாவுச்சத்து அதன் நொதிகள் தாங்கும் வெப்பத்திலேயே குழைந்துவிடும். சிறுதானிய மாவுச்சத்து அதைவிடக் கூடுதல் வெப்பத்தில்தான் குழையும், அந்த வெப்பத்தில் நொதிகள் செத்துவிடும். இந்த முரண்பாட்டைத் தீர்க்க, நொதியைத் தனியே பிரித்து வைத்துக்கொண்டு தானியத்தை வேகவைக்க வேண்டும். மால்ட்டை மாவாக்காமல் குருணையாக உடைத்து, ஆறு லிட்டர் தண்ணீரில் 50 டிகிரியில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நொதிகள் தண்ணீரில் கரைந்து மேலே நிற்கும். தெளிவாக நிற்கும் நீரில் இரண்டரை லிட்டரை மெதுவாக மொண்டு தனியே வையுங்கள். அதைச் சூடுபடுத்தவே கூடாது. அரைக் கிலோ அரிசியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் குழைத்து, மீதியுள்ள கெட்டிக் கலவையில் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கூழ் காய்ச்சிப் பழகிய கைக்கு இது புதிதல்ல.

அந்தக் கலவை 72 டிகிரிக்கு ஆறியதும் எடுத்துவைத்த நீரை ஊற்றினால், மொத்தமும் 65 டிகிரியை ஒட்டி நிற்கும். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி ஒன்றரை மணி நேரம் விட்டுவிடுங்கள். சற்று நேரத்தில் கரண்டியில் ஒட்டிய கூழ் நீர்த்து, தேன்போல ஒழுகத் தொடங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. ஒரு சொட்டைத் தட்டில் விட்டு அயோடின் சேர்த்துப் பாருங்கள். கருநீலமானால் மாவுச்சத்து மிச்சமிருக்கிறது என்று பொருள். இன்னும் அரை மணி நேரம் கொடுங்கள். அப்போதும் மாறாவிட்டால், பீர் தயாரிப்புப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் அமைலேஸ் நொதி உதவும். அது வாற்கோதுமையிலிருந்து எடுத்ததல்ல என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

துணியில் வடித்து, 75 டிகிரி வெந்நீர் ஆறு லிட்டரை மேலே ஊற்றி அலசினால் ஏறத்தாழ 12 லிட்டர் சாறு கிடைக்கும். கேழ்வரகுத் தவிடு துணியை அடைக்கும் என்பதால் பொறுமை தேவை. சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் ஹாப்ஸ் என்ற உலர்ந்த பூ 10 கிராம், கடைசி ஐந்து நிமிடத்தில் இன்னொரு 15 கிராம். முதலாவது கசப்புக்கு, இரண்டாவது மணத்துக்கு. கால் கிலோ குலா மலாக்காவையும் கடைசியில் சேர்க்கிறேன்; ஆல்கஹாலைக் கூட்டுவதோடு பனைவெல்ல வாசனையையும் அது தரும். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.045க்கும் 1.055க்கும் இடையே காட்டினால் போதும்.

கொதித்து இறக்கிய பிறகு சாற்றைத் தொடும் ஒவ்வொன்றும் கிருமிநாசினியில் நனைத்ததாக இருக்க வேண்டும். பாத்திரத்தைப் பனிக்கட்டி நிரம்பிய தொட்டியில் வைத்து ஆறவிடுங்கள். குளிர்சாதனம் இல்லாத வீட்டுக்கு ஏற்றது நார்வேயின் க்வெய்க் ஈஸ்ட். மற்ற ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவை 30 டிகிரியில் கரைப்பான் வாடை விடும். இது 35 டிகிரியிலும் தூய்மையாக நொதிக்கும். திரவ ஈஸ்ட்டைப் பெரும்பாலும் வாற்கோதுமைச் சாற்றில் வளர்ப்பதால், குளூட்டன் இல்லை என்று உறையில் குறிப்பிட்டிருக்கும் உலர் ஈஸ்ட்டையே வாங்குங்கள். ஐந்து கிராம் போதும். இந்த ஈஸ்ட்டுக்குச் சத்து நிறைய வேண்டும் என்பதால், ஈஸ்ட்டுக்கான சத்துப்பொடியையும் உறையில் சொன்ன அளவில் சேர்த்துவிடுங்கள்.

வாளியை வெயில் படாத மூலையில் வைத்தால், ஒரு வாரத்துக்குள் நொதித்தல் முடிந்துவிடும். இரண்டு நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டினால்தான் அடைக்கலாம். அவசரப்பட்டு அடைத்தாலோ சர்க்கரையைக் கூட்டினாலோ போத்தல் வெடிக்கும். லிட்டருக்கு ஆறரை கிராம் சர்க்கரை சேர்த்து, கெட்டியான பீர் போத்தல்களில் நிரப்புங்கள். மெல்லிய கண்ணாடி கூடவே கூடாது. ஒரே ஒரு பிளாஸ்டிக் போத்தலையும் நிரப்பி வையுங்கள். அதை அழுத்திப் பார்த்துக் கல்லைப் போல இறுகியிருந்தால் மற்றவையும் தயார் என்று தெரியும். எனக்குப் பெரும்பாலும் பத்து நாள் ஆகிறது. பிறகு குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்தால் ஈஸ்ட் அடியில் படியும். ஊற்றும்போது கடைசி ஒரு விரற்கடையைப் போத்தலிலேயே விட்டுவிடுங்கள். கிண்ணமும் கழுவிய கிண்ணமாக இருக்கட்டும்: வேறொருவர் வாற்கோதுமை பீர் குடித்த கிண்ணத்தில் தம்பிக்கு ஊற்றினால், இத்தனை நாள் காத்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் போய்விடும்.