முதல் ரீஃப் தொட்டி: சென்னை வெயிலுக்கு எதை வாங்கலாம்?

வீட்டில் கடல் தண்ணீர்த் தொட்டி வைத்து (அதுதான் ரீஃப் தொட்டி) பவளம் வளர்க்க ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் தொட்டி வாங்கட்டும்?" என்பதுதான். சென்னைக்காரர்களிடம் நான் சொல்வது: தொட்டி வைக்கப்போகும் அறையில் ஒரு வாளித் தண்ணீரை வையுங்கள். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அதன் சூட்டை அளந்து பாருங்கள். அப்புறம் லிட்டர் கணக்குக்கு வரலாம்.

1. சூடு

பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வரை போதும். மே மாதத்தில் அந்த வாளி 31 காட்டினாலும் ஆச்சரியமில்லை. அதற்கு மேல் விளக்கும் மோட்டாரும் தம் பங்குக்குச் சூடேற்றும். பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. சூடு தாங்காவிட்டால் பவளம் அவற்றை வெளியே தள்ளிவிடும்; நிறம் போய் வெளுத்துவிடும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவிலேயே இப்படி வெளுத்தது.

தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஆனால் நீர் ஆவியாவதால்தான் அது குளிர்கிறது. காற்றே ஈரமாக இருக்கும் கடலோர ஊரில் அந்த வித்தை பாதிதான் பலிக்கும். ஐஸ் பாட்டில் போடுவது சூட்டை ஏற்றி இறக்கி உயிர்களை இன்னும் வதைக்கும். ஆக, தண்ணீரைக் குளிர வைக்கும் ஒரு சில்லர் கருவி வேண்டும், அல்லது நாள் முழுக்க ஏசி ஓடும் அறை வேண்டும். சில்லர் பெரும்பாலும் தொட்டியை விட விலை அதிகம். இப்போது பணம் இல்லையென்றால் ஆறு மாதம் பொறுத்திருந்து வாங்குங்கள். நான் பொறுக்கவில்லை. என் 20 லிட்டர் தொட்டியில் ஒரு மே மாதக் கரண்ட் கட்டில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டியது. இரண்டே நாளில் லெதர் கோரல் என்ற மென்பவளம் கரைந்துபோனது. அந்த வாடை இன்னும் நினைவிருக்கிறது.

2. அளவு

சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும். கடல் தண்ணீரில் அது நேர்மாறு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அப்படியே தங்கிவிடும். 20 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால், லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 37-ஐ நெருங்கிவிடும். அதே ஒரு லிட்டர் 100 லிட்டர் தொட்டியில் குறைந்தால் 35.4 கூட ஆகாது. மீன் ஒன்று செத்து அழுகினாலும் இதே கணக்குதான்.

என் சிபாரிசு 60 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். கணக்குப்படி 121 லிட்டர். கல்லும் மணலும் போக சுமார் 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். உயரமான, ஒடுங்கிய தொட்டி வேண்டாம். அகலம் இருந்தால்தான் கல்லைச் சுவரோடு ஒட்டாமல் அடுக்க முடியும், தண்ணீருக்கும் காற்று நன்றாகக் கிடைக்கும். கொளத்தூரில் சொன்ன அளவுக்குக் கண்ணாடித் தொட்டி செய்து தருகிறார்கள்.

3. இடம்

எல்லாம் சேர்ந்து 150 கிலோ வரும். சாதாரண டீப்பாய் தாங்காது. ஜன்னல் வெயில் படக்கூடாது.

4. அமைப்பு

பின்பக்கம் தடுப்பு வைத்து, அதற்குள்ளேயே ஃபில்டரும் மோட்டாரும் அடங்கும் தொட்டி முதல் முறைக்குப் போதும். தொட்டிக்கு அடியில் ஃபில்டருக்கென்று தனித் தொட்டி (சம்ப்) வைப்பதைப் பிறகு பார்க்கலாம். பழைய தொட்டி மலிவாகக் கிடைத்தால், அதில் செம்பு கலந்த மீன் மருந்து ஊற்றியதுண்டா என்று கேளுங்கள். ஊற்றியிருந்தால் விட்டுவிடுங்கள். கொஞ்சம் செம்பு போதும், இறாலும் நத்தையும் பவளமும் பிழைக்காது. இதனுடன் தண்ணீரை ஓடவைக்கும் ஒரு வேவ்மேக்கர், பவளத்துக்கான எல்இடி விளக்கு, கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப். பம்பை முதல் நாளே வாங்குங்கள்.

5. தண்ணீர்

"வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே" என்பார்கள். குடிநீர் ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் வெளித் தண்ணீரையும் கலக்கும் அமைப்பு உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்துப் பாருங்கள். 60, 80 என்று காட்டினால் அது குடிக்கத்தான் ஆகும். தொட்டிக்குப் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாயை இணைக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் ரீஃப் உப்பைக் கரைத்து, உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வரும்வரை சரிபாருங்கள். தினமும் ஆவியாகும் அளவுக்கு உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

6. கல்லும் சட்டமும்

கடலிலிருந்து எடுத்த "லைவ் ராக்" (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டு) என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் அதே அட்டவணையில்தான். கடல் விசிறியும் கடல்குதிரையும் அப்படித்தான். நம் கடலின் பாறையை உடைத்து வீட்டில் ஒரு பாறை கட்டுவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. செயற்கைக் கல் போதும். சுமார் 10 கிலோ. கழிவை மாற்றும் பாக்டீரியா அதிலும் குடியேறும். பவளம் வாங்கும் நாள் வரும்போது சோவாந்திட், மஷ்ரூம் போன்ற மென்மையான வகைகளை, எங்கிருந்து வந்தது என்று பில்லோடு சொல்லக்கூடிய கடையில் மட்டும் கேளுங்கள்.

7. காத்திருக்கும் வாரங்கள்

தண்ணீர் ஊற்றியதும் மீன் விடக்கூடாது. ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுக விடுங்கள். அதிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வந்த பிறகு முதலில் நான்கைந்து நத்தைகள். இரண்டு வாரம் கழித்து, பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி. ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் இவற்றைப் பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள், அதனால் கடலில் பிடித்த மீனைத் தேட வேண்டியதில்லை. கடலில் அவை தஞ்சம் புகும் உயிரியான கடல் சாமந்தி இல்லாமலும் அவை நன்றாக வாழும். பல நாள் என் ஜோடி மோட்டார் மூலையில்தான் தூங்கியது.