உருளைக்கிழங்குத் துண்டைக் கொண்டு செல்லின் ஆற்றலைப் புரிந்துகொள்வது எப்படி?

பிணைப்பை உடைக்க ஆற்றல் தேவை என்று வேதியியல் வகுப்பில் படிக்கும் பிளஸ் ஒன் மாணவர்கள், செல்லில் ஆற்றலைக் கொண்டு சேர்க்கும் மூலக்கூறான ஏடிபியின் (ATP, அடினோசின் டிரைபாஸ்பேட்) பாஸ்பேட் பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிப்படும் என்று உயிரியல் தேர்வில் எழுதுகிறார்கள். இந்த முரண்பாட்டைத் தீர்த்துக்கொள்ளாமல் மேலே படிப்பதில் பயனில்லை என்பதால், முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு மோல் ஹைட்ரஜனிலும் ஒரு மோல் ஆக்சிஜனிலும் உள்ள பிணைப்புகளை உடைக்க ஏறத்தாழ 1370 கிலோஜூல் செலவாகிறது. நீராவியின் நான்கு மோல் பிணைப்புகள் உருவாகும்போது ஏறத்தாழ 1852 கிலோஜூல் வெளிவருகிறது. நமக்குக் கிடைப்பது இவற்றின் வேறுபாடான 482 கிலோஜூல் மட்டுமே.

அப்படியானால், அக்னி நட்சத்திரத்தில் சென்னை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போதும் சமையலறைச் சர்க்கரை ஏன் தானாக எரிவதில்லை? வினை தொடங்குவதற்குக் கடக்கவேண்டிய மேடு ஒன்று இருக்கிறது. அதுவே கிளர்வு ஆற்றல். செல்லின் நொதிகள் அந்த மேட்டைத் தாழ்த்துகின்றன.

இதைக் கண்ணால் காண, மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சம அளவு தண்ணீரில் கலந்து, மூன்று கண்ணாடி டம்ளர்களில் கால் பங்கு ஊற்றுங்கள். கண்ணிலும் தோலிலும் படாமல் பார்த்துக்கொள்வதும், எதையும் இறுக மூடாமல் இருப்பதும் கட்டாயம். முதல் டம்ளரை அப்படியே விட்டு, இரண்டாவதில் பச்சை உருளைக்கிழங்குத் துருவலையும், மூன்றாவதில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து நன்கு ஆறவிட்ட துருவலையும் போடுங்கள். இரண்டாவதில் மட்டும் நுரை பொங்கும்; டம்ளரைத் தொட்டால் வெதுவெதுப்பு தெரியும். கனலும் ஊதுவத்தியைப் பெரியவர் ஒருவர் துணையுடன் நுரைக்கு அருகே காட்டினால், வெளிவரும் ஆக்சிஜனால் கங்கு பளிச்சிடும். கிழங்கிலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதிதான் இதற்குக் காரணம். கொதித்ததில் அது செயலிழந்துவிட்டது. பெராக்சைடு சிதையும்போது மோலுக்கு வெளிப்படும் ஏறத்தாழ 98 கிலோஜூலை நொதி கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அது வேகத்தை மட்டுமே மாற்றுகிறது.

இனி ஏடிபிக்கு வரலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் ஃபிஸ்குடன் சேர்ந்தும், ஜெர்மனியில் லோமன் தனியாகவும் 1929இல் கண்டறிந்த மூலக்கூறு இது. நம் ஊரில் படித்தவருக்கு இதில் பங்குண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு மோல் குளுக்கோஸ் முழுமையாக ஆக்சிஜனேற்றமடையும்போது கிடைக்கக்கூடிய ஏறத்தாழ 2870 கிலோஜூலைச் செல் ஒரேயடியாக வெளியிடாமல், படிப்படியாக ஏறத்தாழ 30 மோல் ஏடிபியாகச் சேர்க்கிறது, மீதி வெப்பமாகிறது.

ஆகவே தேர்வில் இவ்வாறு எழுதுங்கள்: ஏடிபி நீராற்பகுப்படைந்து, அதைவிட நிலைப்புத்தன்மை மிக்க அடினோசின் டைபாஸ்பேட்டும் (ADP, அதாவது ஏடிபியின் மூன்றில் இரண்டு பாஸ்பேட்டுகள் கொண்ட மூலக்கூறும்) தனிப் பாஸ்பேட்டும் உருவாவதால், நியம நிலையில் மோலுக்கு ஏறத்தாழ 30.5 கிலோஜூல் ஆற்றல் கிடைக்கிறது.