மாசி மாலையில் தாரமங்கலம்: சேலம் வருவோருக்கு ஓர் ஒளி ஒலி வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து சேலம் வருகிற சொந்தக்காரர்கள் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்பது இது: "அங்க கட்டடத்து மேல லைட் போட்டு, சுத்திச் சுத்தி சவுண்டு வர்ற மாதிரி ஷோ வைக்கிறாங்களே, அது மாதிரி நம்ம பக்கம் ஏதாவது இருக்கா?" டிக்கெட் எடுத்து உட்கார்ந்து பார்க்கிற ஒளி ஒலிக் காட்சி என்றால் தமிழ்நாட்டில் பெயர் பெற்றது மதுரை திருமலை நாயக்கர் மகால். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் சேலம் வரைக்கும் வந்துவிட்டு, மின்சாரமே இல்லாமல் ஒரு கட்டடம் ஒளியையும் ஒலியையும் கையாளுகிற இடத்தைப் பார்க்காமல் போவது பெரிய நஷ்டம் என்பது என் கருத்து. அந்த இடம் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். பயணத்தை அதற்கேற்றபடி எப்படிப் போட்டுக்கொள்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பழைய கட்டடத்தையே மேடையாக்கி, இருட்டில் விளக்குகளாலும் ஒலிபெருக்கிகளாலும் கதை சொல்லும் வழக்கம் 1952இல் பிரான்ஸில் ஷாம்போர் அரண்மனையில் தொடங்கியது. டெல்லி செங்கோட்டைக்கு அது 1965இல் வந்தது. இடையில் 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில், கட்டடக் கலைஞர்கள் லெ கொர்பூசியேவும் செனாக்கிஸும் வடிவமைத்த ஒரு கூடத்துக்குள் நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகளைச் சுவரோடு சுவராகப் பதித்து, இசையமைப்பாளர் வரேஸின் இசையை ஆட்களின் தலைக்கு மேல் ஓடவிட்டார்கள். இன்றைக்கு உங்கள் ஊர்களில் 'உள்ளே மூழ்கும் அனுபவம்' என்று விற்கிற காட்சிகளுக்கெல்லாம் இவைதான் முன்னோடி. இதிலெல்லாம் கட்டடம் சும்மா நிற்கும், வேலை செய்வது கருவிகள். தாரமங்கலத்தில் வேலை செய்வதே கட்டடம்தான்.

கோயில் மேற்கு பார்த்தது. பழமையான தலம்தான், ஆனாலும் இப்போது நாம் பார்க்கிற பெரும்பகுதியைக் கட்டியவர்கள் கெட்டி முதலியார்கள், தாரமங்கலத்தைத் தலைநகராக வைத்துக்கொண்டு மதுரை நாயக்கர்களுக்குக் கீழ் ஆண்டவர்கள், திருப்பணி 17ஆம் நூற்றாண்டில் முடிந்தது. ராஜகோபுரத்தைத் தேர் போலவே அமைத்திருக்கிறார்கள், அடியில் யானையும் குதிரையும் இழுக்கின்றன. கோபுர வாசல், நந்தி, மண்டபம், கருவறை எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. மாசி 9, 10, 11 ஆகிய மூன்று நாள் மாலையிலும் சூரிய ஒளி இந்தக் கோட்டின் வழியாகவே நுழைந்து லிங்கத்தின் மேல் விழும் என்று ஊரே சொல்லும், அதைப் பார்க்கக் கூட்டமும் வரும். ஆங்கிலத் தேதியில் இது பிப்ரவரி 21, 22, 23 வாக்கில் வரும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்னே பின்னே இருக்கும் என்பதால், டிக்கெட் போடும் முன் சேலத்துச் சொந்தக்காரர் யாரையாவது தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஏன் மூன்று நாள் மட்டும்? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், பதிலோடு போங்கள். வெளிச்சம் அவ்வளவு உள்ளே போக இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். ஒன்று, சூரியன் நிலைப்படியின் மேல் கல்லுக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும், அது தினமும் மாலையில் நடக்கும். இன்னொன்று, வாசல்கள் நிற்கிற கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். சூரியன் மறையும் இடம் தினம் தினம் நகர்கிறது, மார்கழியில் தெற்கே தள்ளி மறைகிறது, பங்குனியில் நேர் மேற்குக்கு வந்துவிடுகிறது. மாசி 9 வாக்கில் அது நேர் மேற்கிலிருந்து சுமார் 10 டிகிரி தெற்கே இருக்கும். அந்த நாட்களில் ஒரு நாளைக்கு நகர்வது மூன்றில் ஒரு பங்கு டிகிரிக்குக் கொஞ்சம் அதிகம், சூரிய வட்டத்தின் அகலமோ அரை டிகிரி. ஆகவே மூன்று நாளில் ஏறக்குறைய இரண்டு வட்ட அகலம் தள்ளிப்போய்விடுகிறது. குறுகலான ஒரு வாசல் வரிசைக்கு மூன்று நாள் என்பது சரியான கணக்குதான். கல்லை வெட்டி, ஏற்றி, இறுக்கிய பிறகு அதைத் திருப்பி வைக்க முடியாது என்பதை நினைத்துக்கொண்டு அந்த வாசலைப் பாருங்கள், கட்டியவர்கள் மேல் மரியாதை தானாக வரும்.

இதே கணக்குப்படி ஐப்பசி முதல் வாரத்திலும், அதாவது அக்டோபர் 20 வாக்கில், சூரியன் அதே இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். ஆனால் அது வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரம், மேற்கு வானம் சுத்தமாகக் கிடைப்பது அதிர்ஷ்டம். ஊர் மாசியைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தீபாவளிக்கு வருகிறவர்கள் வானம் வெளுத்திருந்தால் போய்ப் பார்க்கலாம், நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சரி, அன்றைக்கு என்ன செய்வது? பிப்ரவரி கடைசியில் சேலத்தில் ஆறரைக்குச் சற்று முன் சூரியன் மறையும். ஐந்து மணிக்கெல்லாம் உள்ளே இருங்கள். கூட்டத்தில் எல்லோரும் கருவறைக்கு நேரே நின்றால் ஒளி வரும் வழியை ஆட்களே மறைத்துவிடுவார்கள், அதனால் நடுக்கோட்டை விட்டு ஒதுங்கி, தூணோரமாக நில்லுங்கள். போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். கருவறையைப் படம் எடுப்பது கூடாது, அப்படியே எடுத்தாலும் இருட்டும் வெளிச்சமும் சேர்ந்த அந்தக் காட்சி போனில் ஒரு மஞ்சள் கறையாகத்தான் விழும். கவனிக்க வேண்டியது தரையை. நூற்றாண்டுகளாகக் கால் பட்டு வழுவழுத்த கல் அது. ஒளி அதன் மேல் படுத்தபடி உள்ளே போகும்போது, பகலில் கண்ணுக்கே தெரியாத மேடு பள்ளங்களும் உளி பட்ட வரிகளும் நிழலோடு எழுந்து நிற்கும். அப்புறம் தூண்களின் அடிப்பகுதி, அப்புறம் படி, அப்புறம்தான் கருவறை இருட்டு. ஐந்து நிமிடத்துக்கு முன் வெறும் கருப்பாக இருந்த இடத்தில் உருவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்க்க, பொறுமையாக நிற்பதைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை.

ஒலியையும் கவனியுங்கள், நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுவது அதில்தான். கருங்கல் சத்தத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிடும். கருவறை போன்ற சின்ன கல் அறைக்குள் அர்ச்சகரின் தாழ்ந்த குரல் கனத்துக் கேட்பதற்கு அதுதான் காரணம். வெளி மண்டபத்தில் கதை வேறு: வரிசை வரிசையாகத் தூண்கள், ஒவ்வொரு தூணிலும் சிற்பத்தின் புடைப்பு, அவற்றில் பட்டுச் சத்தம் சிதறிப்போவதால் எதிரொலி தனியாகக் கேட்காது, சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவது போல இருக்கும். சாயரட்சை என்கிற மாலைப் பூஜைக்கு மணி அடிக்கும்போது பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, மணி எந்தப் பக்கம் என்று கை காட்டச் சொல்லுங்கள். பிறகு முற்றத்துக்குப் போய் அதையே செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே புரியும். நாதஸ்வரமும் தவிலும் வாசித்தால் பக்கத்தில் நிற்காதீர்கள், திறந்தவெளிக்கான வாத்தியங்கள் அவை, நாலைந்து தூண் தள்ளி நின்றால்தான் இனிக்கும்.

அன்று மாலைக் கூட்டத்தில் சிற்பம் பார்க்க முடியாது. அதற்கு வேறொரு நாள் காலையில் போங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் எட்டு, ஒன்பது மணிக்கே. ரதி நிற்கிற தூணிலிருந்து பார்த்தால் மன்மதன் தெரிவான், மன்மதன் பக்கம் போய் நின்றால் ரதி தெரியமாட்டாள். ராமன் இருக்கும் தூணிலிருந்து வாலியும் சுக்ரீவனும் மோதுவது தெரியும், அவர்கள் இருக்கும் தூணிலிருந்து ராமன் மறைந்துபோவான். கதையில் நடப்பது பார்வைக் கோணத்திலேயே நடக்கிறது. யாளியின் வாய்க்குள் உருளுகிற கல் குண்டு, கல் சங்கிலி, விதானத்தில் தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள் எல்லாவற்றையும் நிதானமாகப் பாருங்கள். ஆட்கள் அனுமதித்தால் போன் டார்ச்சைச் சிற்பத்துக்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில், கல்லை ஒட்டிப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த முகம் அப்போதுதான் மூக்கும் உதடுமாகத் திரளும்.

போகிற வழி சுலபம். தாரமங்கலம் சேலத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஓமலூர் சங்ககிரி சாலையில் இருக்கிறது, பேருந்து நிறைய உண்டு. விமானத்தில் சேலத்துக்கே வந்தால் நிலையம் ஓமலூர் பக்கம்தான், ஆனால் இங்கே வரும் சேவைகள் குறைவு. பெரும்பாலோர் பெங்களூரில் இறங்கி 200 கிலோமீட்டருக்கு மேல் காரில் வருகிறார்கள், அந்த விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே இருப்பதால் ஊரைக் கடக்கவே நேரம் போகும், அன்றைக்கே மாலைத் தரிசனம் என்று திட்டமிடாதீர்கள். பிரிட்டனில் இருப்பவர்களுக்குப் பிப்ரவரி நடுவில் வரும் பள்ளி விடுமுறை சில வருடங்களில் ஏறக்குறைய ஒத்துவரும். வெறுங்காலோடு நடக்க வேண்டும், நாலு மணிக்கு முற்றத்துக் கல் சுடும், முழங்கால் வலிக்கும் பெரியவர்களுக்கு காட்டன் சாக்ஸ் எடுத்து வையுங்கள். திரும்பும்போது சேலம் டவுனில் தட்டுவடை செட் சாப்பிட மறக்காதீர்கள்.

மறுநாள் ஏற்காடு. மலையடிவாரத்துச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் பழைய வளைவு நிற்கிறது, அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ அங்கே ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். மேலே சேர்வராயன் கோயில் குகைக்குள் இருக்கிறது, குனிந்து போக வேண்டும், இருட்டும் ஈரமும் விளக்குச் சுடருமாக, தாரமங்கலத்தில் மனிதர்கள் திட்டமிட்டுச் செய்ததை மலை தன்போக்கில் செய்து வைத்திருக்கிறது. மாலையில் லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் நகரம் விளக்கு விளக்காகப் பற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். 20 கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில் இறங்காமல் அன்று இரவு மேலேயே தங்குங்கள்.

மதுரையைக் கடைசியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. மகாலை 1636இல் கட்டிய திருமலை நாயக்கரின் ஆட்சிக்குக் கீழ் இருந்தவர்கள்தான் கெட்டி முதலியார்கள், காலமும் ஏறக்குறைய ஒன்று. நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காட்சி தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக நடப்பது வழக்கம், பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கவும் கூடும், கிளம்புமுன் சுற்றுலாத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்க் காட்சிக்கே போங்கள், பிள்ளைகளுக்குப் பாதி புரிந்தாலும் பரவாயில்லை. அந்தப் பெரிய தூண்களில் நிறம் மாறும்போது எந்த விளக்கு எங்கேயிருந்து அடிக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கத் தொடங்குவார்கள், தாரமங்கலத்தில் தரையைப் பார்த்துப் பழகிய கண் அது. கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள், முற்றத்தில் கடிக்கும்.