சீரியல் செட்டை இறக்கிவிடலாம்: சன்ஷேடுக்கு அடியில் நிரந்தர எல்இடி மாட்டும் முறை

தீபாவளிக்குக் கட்டிய சீரியல் செட்டைக் கார்த்திகை முடிந்ததும் இறக்கலாம் என்று விட்டு, அப்புறம் பொங்கல் வரட்டும் என்று விட்டு, கடைசியில் வெயிலில் ஒயர் நொறுங்கிப் பாதி விளக்கு எரியாமல் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே நாலைந்து உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்றாக இருந்தது. ஒரு வருடம் ரோஷம் வந்து, நிரந்தரமாகவே மாட்டிவிடலாம் என்று 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் வாங்கி, பின்பக்க டேப்பை உரித்து சன்ஷேடுக்கு அடியில் ஒட்டினேன். ஒட்டியது மாசியில். சித்திரை வெயிலில் டேப் விட்டுத் தொங்கியது. திரும்ப ஒட்டினேன். ஐப்பசி அடைமழையில் பாதி அணைந்துபோனது. பிரித்துப் பார்த்தால் ஜாயிண்டில் செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது, எல்இடி ஒன்றுகூடப் போகவில்லை. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்துக்கொண்டே, "லைட்டு எங்க தம்பி போகுது, ஜாயிண்டுதான் போகுது" என்றார். இரண்டாம் முறை மாட்டியபோது அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தேன். அந்த இரண்டாம் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. 230 வோல்ட் பக்கம் கை வைக்காதீர்கள். ஸ்விட்ச் போர்டிலிருந்து எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட் ஏசியை 24 வோல்ட் டிசியாக்கும் பெட்டி) வரைக்கும் பேஸ், நியூட்ரல், எர்த் இழுப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை, அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். கூடவே அந்த லைனில் 6 ஆம்பியர் எம்சிபியும் (கரண்ட் மிஞ்சினால் அணைக்கும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்தப் பக்கம், அதாவது 24 வோல்ட் டிசி பக்கம், முழுக்க நாமே செய்யலாம்.

இதே காரணத்தால்தான் கடையில் 50 மீட்டர் ரோலாக விற்கும் ரோப் லைட்டை வெளிச்சுவருக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. அதன் பிளக் பின்னுக்குள் ஏசியை டிசியாக்கும் சின்னச் சமாச்சாரம் மட்டும்தான் இருக்கிறது, வோல்டேஜ் இறங்குவதில்லை. மேல் உறை எங்கேயாவது கிழிந்து தண்ணீர் இறங்கினால் ஈரச் சுவரில் கை வைப்பவருக்கு மெயின்ஸ் கரண்ட். வீட்டுக்குள் ஃபால்ஸ் சீலிங்கில் போடுங்கள், பரவாயில்லை.

சரி, அளவெடுப்போம். எங்கள் வீட்டு முகப்பில் சன்ஷேடு 9 மீட்டர், போர்டிகோ விளிம்பு 7 மீட்டர், ஆக 16. நான் எடுத்தது மீட்டருக்கு 10 வாட் இழுக்கும் 24 வோல்ட் வார்ம் ஒயிட் (மஞ்சள் கலந்த வெள்ளை) ஸ்ட்ரிப். 16 மீட்டருக்கு 160 வாட். எஸ்எம்பிஎஸ்ஸை அதன் முழு அளவுக்கு ஓட்டக் கூடாது, 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதனால் 200 வாட். வெயில் படும் இடத்தில் வைத்தால் அந்த 200கூடத் தாங்காது, நிழலில் வையுங்கள்.

ஏன் 24, ஏன் 12 இல்லை? அந்த 9 மீட்டர் பக்கம் மட்டும் 90 வாட். 24 வோல்ட்டில் அது 3.75 ஆம்பியர், 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 8 மீட்டர் தள்ளி ஃபீட், அதாவது ஸ்ட்ரிப்புக்குக் கரண்ட் தரும் இணைப்பு, கொடுக்கிறோம் என்றால் போகவும் வரவும் சேர்த்து 16 மீட்டர் ஒயர், 1.5 ஸ்கொயர் மி.மீ. காப்பர் ஒயரில் அதன் தடை சுமார் 0.19 ஓம். 24 வோல்ட்டில் வழியில் போவது 0.7 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. 12 வோல்ட்டில் போவது 1.4 வோல்ட், அதுவும் மொத்தமே இருக்கும் 12லிருந்து. ஸ்ட்ரிப்புக்குள்ளும் இதே கதைதான் என்பதால் கடைசி விளக்கு மங்கி, முதல் விளக்கு பளிச்சென்று, கல்யாண வீட்டில் பந்தி முடியும் நேரத்துச் சாம்பார் மாதிரி ஆகிவிடும்.

ஸ்ட்ரிப் 5 மீட்டர் ரோலாக வரும். ரோலுக்குப் பின்னால் ரோல் என்று நீட்டிக்கொண்டே போய் ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு, முதல் முறை நானும் செய்தேன். ஸ்ட்ரிப்பில் இருக்கும் செம்புத் தகடு மெல்லியது, அவ்வளவு கரண்டைக் கடைசி வரை கொண்டுபோக அதனால் முடியாது. 9 மீட்டரை 5, 4 என்று பிரித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஃபீட் கொடுங்கள். கரண்ட் அங்கிருந்து இடமும் வலமுமாகப் பிரிந்து போகும். 7 மீட்டருக்கும் அப்படியே, 5 இங்கே, 2 அங்கே. ஆக மொத்தம் இரண்டே ஃபீட், மழை படும் ஜாயிண்டும் இரண்டே. ஒவ்வொரு ஃபீடின் பிளஸ் ஒயரிலும், எஸ்எம்பிஎஸ் பக்கத்திலேயே, காரில் போடும் 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் ஒன்று.

வாங்கும்போது, தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி எண்ணைக் கவனியுங்கள். ஐபி65 என்றால் பெரும்பாலும் மேலே மட்டும் சிலிகான் பூச்சு, ஐபி67 என்றால் சுற்றிலும் சிலிகான் உறை. வெளியே மாட்ட 67தான். ஆனால் கத்தரியால் வெட்டிய அடுத்த நொடியே அந்த 67 போய்விடுகிறது, முனையை நாம் மூடும் வரை அது சும்மா ஸ்ட்ரிப். இன்னொன்று, 10 மி.மீ. ஸ்ட்ரிப் உறையோடு சேர்த்து 12 மி.மீ.க்குப் பக்கம் வந்துவிடும். அலுமினிய ப்ரொஃபைல் (ஸ்ட்ரிப் உள்ளே உட்காரும் நீளச் சட்டம்) வாங்கப் போகும்போது ஸ்ட்ரிப்பில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய் உள்ளே நுழைகிறதா என்று பாருங்கள், நான் ஒரு முறை எட்டு நீளத்தையும் திருப்பிக் கொண்டுபோய் மாற்றி வந்தேன்.

எல்லாம் வாங்கியாகிவிட்டதா? உடனே ஏணியைத் தூக்காதீர்கள். ஹாலில் தரையில் ஸ்ட்ரிப்பை நீளமாக விரித்து ஒரு ராத்திரி முழுக்க எரிய விடுங்கள். சுருளாக இருக்கும்போது எரிய விட்டால் சூடேறிக் கெடும். கெட்ட துண்டு இருந்தால் தரையிலேயே தெரிந்துவிடும்.

இப்போது ஜாயிண்ட். தரையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை, ஏணி மேல் நின்றுகொண்டு இல்லை. அமுக்கி மாட்டும் கிளிப் கனெக்டர் வேண்டாம், வெளியே வைத்தால் ஒரே மழையில் துருப் பிடிக்கும். வெட்டுக் குறியில் செம்புப் பொட்டுகளின் நட்டநடுவில் வெட்டுங்கள். பிளேடால் சிலிகானை ஒரு சென்டிமீட்டர் உரித்து, பொட்டில் முதலில் கொஞ்சம் ஈயம் வையுங்கள், ஒயர் முனையிலும் தனியாக ஈயம் வையுங்கள், அப்புறம் இரண்டையும் சேர்த்து சால்டரிங் அயர்ன் முனையால் இரண்டு மூன்று நொடி தொட்டால் ஈயம் இளகி ஒன்றாகப் பளபளவென்று உட்காரும். மங்கலாக, உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை என்று அர்த்தம், திரும்ப வையுங்கள். ரொம்ப நேரம் அழுத்தினால் பொட்டே பெயர்ந்து வந்துவிடும். ஹீட் ஷ்ரிங்க் டியூபை ஈயம் வைப்பதற்கு முன்னாலேயே ஸ்ட்ரிப்பில் கோத்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்த பிறகும் மறப்பீர்கள், நான் மூன்று முறை மறந்தேன். உள்பக்கம் பசை உள்ள டியூபாகக் கேட்டு வாங்குங்கள்.

டியூபைச் சூடாக்கிச் சுருக்கும் முன் உள்ளே சிலிகான் வைப்போம் இல்லையா, அந்த சிலிகானிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாத்ரூமுக்குப் பூசும் சாதாரண சிலிகானைப் பிதுக்கினால் வினிகர் வாடை மூக்கில் ஏறும். அந்த அமிலம்தான் செம்பைப் பச்சையாக்கும். தண்ணீர் புகக் கூடாது என்று முதல் முறை நான் வாரி அப்பியதே அதைத்தான், என் ஜாயிண்டை மழை பாதி கெடுத்தது என்றால் மீதியை நானே கெடுத்திருக்கிறேன். சிலிகான் டியூபின் மேல் நியூட்ரல் க்யூர் என்று போட்டிருக்க வேண்டும், வாடை இருக்காது. வெட்டிய கடைசி முனைகளுக்கும் அதே சிலிகானை வைத்து மூடி போட்டு, ஒரு நாள் காய விடுங்கள்.

மாட்டும் இடம். சன்ஷேடின் அடிப்பக்கம் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளக் கோடு ஓடும், மழைத்தண்ணீர் சுவர் வரை வழிந்து வராமல் அங்கேயே சொட்டட்டும் என்று கொத்தனார் இழுத்து விட்டது. ப்ரொஃபைல் அந்தக் கோட்டுக்கு உள்பக்கம், ஆனால் சுவரை ஒட்டாமல் வர வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கி, பூச்சில் இருக்கும் மேடு பள்ளம் முழுவதையும் ஊருக்கே படம் போட்டுக் காட்டும். நான் சுவரிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி வைத்தேன்.

நூல் பிடித்து சாக்பீஸால் கோடு போட்டு, அரை மீட்டருக்கு ஒரு கிளிப் என்று 6 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். 3 சென்டிமீட்டர் ஆழம் போதும். சன்ஷேடில் முக்கியக் கம்பி மேல்பக்கம்தான் ஓடும், அதனால் அடியிலிருந்து இவ்வளவு போனால் ஆபத்தில்லை. மேலே இருந்து துளை போடாதீர்கள், ஒழுகும். பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள், கடற்கரை ஊர் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ. ப்ரொஃபைலின் இரண்டு முனைகளையும் இறுக அடைக்க வேண்டாம். எப்படியும் ஈரம் உள்ளே போகும், அது வெளியே வரவும் வழி இருக்கட்டும்.

ஏணி ஏறும் முன் அண்ணாந்து பாருங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஈபி சர்வீஸ் ஒயர் பல வீடுகளில் சன்ஷேடுக்குப் பக்கத்திலேயேதான் வருகிறது. அப்படி இருந்தால் அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம், மூங்கில் ஏணியோ ஃபைபர் ஏணியோ, கீழே பிடிக்க ஓர் ஆள். எனக்கு அம்மா பிடித்தார், "போதும் இறங்குடா" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே.

எஸ்எம்பிஎஸ்ஸை போர்டிகோவின் உள்சுவரில், மூடி உள்ள பெட்டிக்குள் வைத்தேன். ஒயர் எல்லாம் பெட்டியின் அடிப்பக்கம் வழியாகத்தான் நுழைய வேண்டும், அதுவும் ஒரு ஜாண் கீழே தொங்கி, வளைந்து மேலே ஏறி நுழைய வேண்டும். ஒயர் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நுழையும் துளைக்கு, ஒயரைச் சுற்றி இறுக அடைக்கும் கிளாண்ட் போடுங்கள். தண்ணீரை விட எனக்குப் பல்லி மேல்தான் பயம், சூடான பெட்டி என்றால் குடித்தனமே நடத்தும், ஒரு நாள் டெர்மினலில் குறுக்கே படுத்துத் தானும் போய் எஸ்எம்பிஎஸ்ஸையும் கொண்டுபோகும்.

எலக்ட்ரீஷியன் 230ஐ இணைத்ததும், ஸ்ட்ரிப்பை மாட்டாமல் மல்டிமீட்டரில் 24 வருகிறதா என்று பார்த்து, அணைத்து, பிளஸ் மைனஸ் பார்த்து மாட்டுங்கள். மாறிப் போனால் சாதாரண ஸ்ட்ரிப் எரியாது, அவ்வளவுதான், மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

தானாக எரிந்து அணைய வேண்டும் என்றால் டைமரை விட இருட்டானால் எரியும் சென்சார் சுவிட்ச் வசதி, சென்னையில் சூரியன் மறைவது வருடத்துக்குள் 5.40க்கும் 6.40க்கும் நடுவில் மாறிக்கொண்டே இருக்கும். சென்சார் மேல் உங்கள் விளக்கின் வெளிச்சமே விழாமல் பாருங்கள், விழுந்தால் விடிந்துவிட்டது என்று நினைத்து அணைத்து, இருட்டிவிட்டது என்று எரித்து, ராத்திரி முழுக்க அதே விளையாட்டுத்தான்.

கரண்ட் பில்? 160 வாட் தினம் ஐந்து மணி நேரம் என்றால் முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல், இரண்டு மாத பில்லில் சுமார் 50 யூனிட். எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் 24 வோல்ட், 10 ஆம்பியர் டிம்மர் ஒன்று வைத்து, சாதாரண நாளில் பாதிக்கும் கீழே வைத்தால் அது இன்னும் குறையும். முழு வெளிச்சம் பண்டிகைக்கு மட்டும். ஓடுகிற, நிறம் மாறுகிற பிக்சல் லைட் ஆசை உள்ளவர்களுக்கும் ஒயர், ஜாயிண்ட் வேலை எல்லாம் இதேதான், கூட ஒரு டேட்டா ஒயரும் கன்ட்ரோலரும் வரும். முதல் தடவையே அதில் இறங்க வேண்டாம் என்பது என் கட்சி.

முதல் பெருமழைக்கு மறுநாள் பெட்டியைத் திறந்து, இரண்டு ஜாயிண்டையும் கையால் தடவிப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்றே பிரித்துத் திரும்பப் போடுங்கள். மழை விட்ட அந்தச் சாயங்காலம் ஈசல் கிளம்பும். வார்ம் ஒயிட்டுக்கு வெள்ளை வெளிச்சத்தை விடப் பூச்சி குறைவாக வரும் என்றாலும் ஈசலுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அரை மணி நேரம் அணைத்து வையுங்கள், தெருவிளக்குக்குப் போய்விடும்.