டிடிஎஸ் மீட்டர் சொல்லாத கடினத்தன்மை

தாம்பரம் பக்கம் போர்த் தண்ணீரைச் சோதிக்க டிடிஎஸ் மீட்டர் மட்டும் போதாது. அது கரைந்த உப்பெல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். சோப்பு நுரைக்காமல் திரிவதும் கீசர் காயிலில் வெள்ளையாகப் படிவதும் கால்சியம், மெக்னீசியம் வேலை; இவற்றின் அளவுதான் கடினத்தன்மை. அதை அளக்க மீன்தொட்டிக் கடையில் ‘ஜிஎச்’ (மொத்தக் கடினத்தன்மை) கிட் கேளுங்கள். 5 மில்லி தண்ணீரில் கிட்டில் உள்ள திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கி, ஆரஞ்சு பச்சையாகும்வரை எண்ண வேண்டும். பெரும்பாலான கிட்டில் ஒரு சொட்டு சுமார் 18 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 18 மில்லிகிராம் (அட்டையில் சரிபாருங்கள், அவசரப்பட்டு இரண்டு சொட்டாக விட்டால் கணக்கு கெட்டது). குடிநீர்க் கடினத்தன்மைக்கு இந்தியத் தர அளவு 200 பிபிஎம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை. அதாவது 11 சொட்டுக்குள் மாறினால் சாஃப்ட்னர் (கடினத்தன்மையை நீக்கும் கருவி) செலவு வீண். சாஃப்ட்னர் வைத்தாலும் டிடிஎஸ் குறையாது, கால்சியத்துக்குப் பதில் சோடியம் வரும், அவ்வளவுதான். அடைத்த ஷவர் தலையைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து அரை மணி ஊறவிட்டு, பழைய பல் துலக்கியால் தேயுங்கள்.